ஸ்டென்ட் வைத்த பிறகு கார்டியாக் எம்ஆர்ஐ எதற்கு?

பெரம்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருப்பது இது. அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் பல வருடம் லேத் வேலை பார்த்தவர். மூன்று வாரத்துக்கு முன் அட்டாக். கேஸ் தொல்லை என்று நினைத்து, வலி ஆரம்பித்து ஐந்து மணி நேரம் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயான எல்ஏடியில் ஸ்டென்ட் வைத்தாயிற்று. வலப்பக்கக் குழாயும் முழுக்க அடைத்திருக்கிறது, ஆனால் அது பழைய அடைப்பு என்கிறார்கள். எக்கோவில் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 35 சதவீதம். இப்போது டாக்டர் கார்டியாக் எம்ஆர்ஐ எடுத்து வரச் சொல்கிறார். அதைப் பார்த்துவிட்டு அந்த வலப்பக்கக் குழாயை என்ன செய்வதென்று முடிவு செய்யலாமாம். "ஆஞ்சியோ, எக்கோ எல்லாம் எடுத்தாச்சு, அப்புறம் இது எதற்கு? உள்ளே ஸ்டென்ட் இருக்கும்போது காந்தத்துக்குள் போகலாமா? எடுக்காமல் விட்டால் என்ன?" என்று கேட்கிறார்.

மூன்று கேள்விகள் மாதிரி தெரிந்தாலும், அவர் மனதில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இந்த ஸ்கேன் அப்பாவின் சிகிச்சையில் எதையாவது மாற்றுமா, இல்லை ஃபைலில் இன்னொரு காகிதமாகச் சேருமா? நான் ரேடியாலஜிஸ்ட். சென்னையில் இதய எம்ஆர்ஐ படங்களைப் படித்து ரிப்போர்ட் எழுதுவது என் அன்றாட வேலை. அதனால் படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதைத் தெம்பாகச் சொல்ல முடியும். உங்கள் அப்பாவின் ஆஞ்சியோவையோ எக்கோவையோ நான் பார்க்கவில்லை. அவருக்கு இதைச் செய்யுங்கள், அதைச் செய்யாதீர்கள் என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது.

ஸ்டென்ட் பயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இன்றைக்கு வைக்கிற ஸ்டென்ட்கள் கோபால்ட் குரோமியம், பிளாட்டினம் குரோமியம் மாதிரியான கலவைகளில் செய்தவை. ஸ்கேனரின் காந்தம் அவற்றைப் பிடித்து இழுக்காது. காந்த வலிமை 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா என்ற இரண்டு வகை இயந்திரத்திலும் எடுக்கலாம். ஸ்டென்ட் வைத்த அன்றைக்கே எடுத்தாலும் தவறில்லை. அமெரிக்க இதயச் சங்கம் இதை 2007-லேயே எழுத்தில் சொல்லிவிட்டது. முன்பு ஆறு முதல் எட்டு வாரம் காத்திருக்கச் சொல்லும் வழக்கம் இருந்தது. இன்னமும் சில சென்டர்களில் ரிசப்ஷனில் இருப்பவர் "ஆறு வாரம் கழிச்சு வாங்க" என்று திருப்பி அனுப்புகிறார். வாக்குவாதம் வேண்டாம், டிஸ்சார்ஜின்போது கொடுத்த ஸ்டென்ட் கார்டைக் காட்டி ரேடியாலஜிஸ்டிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

உங்கள் அப்பா விஷயத்தில் ஸ்டென்டைவிட நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. லேத், கிரைண்டிங், வெல்டிங் வேலை பார்த்தவர்களின் கண்ணில் எப்போதோ தெறித்த இரும்புத் துகள் தங்கியிருக்கலாம். அவர்களுக்கே அது மறந்துபோயிருக்கும். காந்தத்துக்குள் அந்தத் துகள் நகர்ந்தால் பார்வைக்கே ஆபத்து. ஸ்கேனுக்கு முன் நிரப்பச் சொல்லும் படிவத்தில் இந்தக் கேள்வி இருக்கும். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று டிக் போட்டுவிட்டுப் போகாதீர்கள். என்றைக்காவது கண்ணில் இரும்புத்தூள் பட்டு டாக்டரிடம் போய் எடுத்தாரா என்று அப்பாவிடம் கேளுங்கள். ஆமாம் என்றாலோ, நிச்சயமாகத் தெரியவில்லை என்றாலோ, முதலில் கண் பகுதிக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுவார்கள். அதே படிவத்தில் பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி பற்றியும் கேட்பார்கள்.

இன்னொன்று மருந்து. இந்த ஸ்கேனில் கை நரம்பு வழியாக காடோலினியம் என்ற மருந்து ஏற்றுவார்கள். ஆஞ்சியோவில் போடும் அயோடின் மருந்து வேறு, இது வேறு. சிறுநீரகம் மிக மோசமாகப் பழுதடைந்தவர்களுக்குப் பழைய வகை காடோலினியம் மருந்துகளால் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் அரிதான, கொடிய நோய் வந்தது 2006 வாக்கில் தெரியவந்தது. இப்போது பரவலாகப் பயன்படும் வளைய அமைப்பு கொண்ட மருந்துகளில் அந்த அபாயம் மிக மிகக் குறைவு. ஆனாலும் சர்க்கரை உள்ளவர், மூன்று வாரம் முன்புதான் ஆஞ்சியோ மருந்தும் உடம்பில் ஏறியிருக்கிறது. எனவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் ஒன்று புதிதாகக் கையில் இருக்கட்டும். சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் 30-க்குக் கீழே இருந்தால், எடுப்பதா வேண்டாமா, எந்த மருந்து என்று டாக்டர்கள் பேசி முடிவு செய்வார்கள். எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்து வரும் கேள்வி எப்போதும் அதுதான்.

இனி, ஆஞ்சியோவும் எக்கோவும் போதாதா என்ற விஷயம். ஆஞ்சியோ காட்டுவது குழாயை. எங்கே அடைப்பு, எவ்வளவு அடைப்பு என்பதில் அதை மிஞ்ச எம்ஆர்ஐயால் முடியாது. ஆனால் அந்தக் குழாய் ரத்தம் கொடுத்த தசை உயிரோடு இருக்கிறதா என்று ஆஞ்சியோவுக்குத் தெரியாது. எக்கோ காட்டுவது அசைவை. சுவர் நன்றாகச் சுருங்குகிறதா, சோர்ந்து கிடக்கிறதா என்று சொல்லும். சுருங்காமல் கிடக்கும் சுவர் செத்துப்போனதா, இல்லை உயிரோடிருந்தும் வேலை செய்யாமல் கிடக்கிறதா? சாதாரண எக்கோவில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். மிகவும் மெலிந்து வெளுத்துப்போன சுவரைப் பார்த்து எக்கோ எடுப்பவர் ஓரளவு ஊகிக்கலாம், அவ்வளவுதான். இதற்காக எக்கோவை நான் மட்டம் தட்டவில்லை. படுக்கை அருகிலேயே சில நிமிடத்தில் முடிகிற சோதனை அது, எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம். முதல் சோதனை எப்போதும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

உயிருள்ள தசையையும் செத்த தசையையும் எம்ஆர்ஐ எப்படிப் பிரிக்கிறது? காடோலினியம் உயிருள்ள செல்லுக்குள் நுழையாது, செல்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் மட்டுமே தங்கும். ஆரோக்கியமான இதயத் தசையில் செல்கள் காலை எட்டரை மணி தாம்பரம் மின்சார ரயில் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டிருக்கும், மருந்து நிற்க இடமே இருக்காது. அட்டாக்கில் செத்த செல்களின் சவ்வு கிழிந்துவிடுகிறது. பிறகு அந்த இடத்தில் தழும்பு வந்துவிடுகிறது. இரண்டு நிலையிலும் காலியிடம் அதிகம். மருந்து உள்ளே போய்த் தங்கிவிடும், சீக்கிரம் வெளியேறவும் செய்யாது. அதனால் மருந்து ஏற்றி ஏறக்குறைய பத்து முதல் இருபது நிமிடம் காத்திருந்து படமெடுத்தால் நல்ல தசை கறுப்பாகவும் செத்த பகுதி வெள்ளையாகவும் தெரியும். ஸ்கேன் ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்பவர்களுக்குப் பாதி பதில் இந்தக் காத்திருப்புதான்.

நான் திரையில் பார்ப்பதைச் சொல்கிறேன். இதயத்தின் இடது கீழறையைக் குறுக்காக வெட்டிய படங்கள் அடுக்காக வரும். ஒவ்வொன்றிலும் கறுப்பாக ஒரு தசை வளையம், நடுவே சாம்பல் நிறத்தில் ரத்தம். எல்ஏடி அடைத்தவருக்கு வளையத்தின் முன்பகுதியிலும் இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரிலும் வெள்ளைக் கோடு தெரியும். அந்த வெள்ளை எப்போதும் உள்விளிம்பிலிருந்துதான் கிளம்பும். காரணம் 1977-இல் ரைமரும் ஜென்னிங்ஸும் நாய்களில் செய்து காட்டிய விஷயம்: குழாய் அடைத்தால் தசை உள்பக்கத்திலிருந்து சாக ஆரம்பித்து, நேரம் போகப் போக வெளிப்பக்கம் வரை சாவு பரவுகிறது. சீக்கிரம் குழாயைத் திறந்தவர்களுக்கு வெள்ளை மெல்லிய கோடாக நின்றுவிடும். தாமதமானவர்களுக்குச் சுவரின் முழுத் தடிமனும் வெளுத்திருக்கும். ஐந்து மணி நேரத் தாமதம் என்றால் நடுவில் எங்கோ இருக்கலாம். எங்கே என்று ஊகிக்க முடியாது. அதைத்தான் ஸ்கேன் அளக்கும். இடது அறையை 17 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தடிமனில் எத்தனை சதவீதம் தழும்பு என்று எழுதுவோம்.

அந்தச் சதவீதத்துக்கு என்ன மதிப்பு என்பதை 2000-இல் சிகாகோவில் ரேமண்ட் கிம் குழுவினர் 50 நோயாளிகளில் பார்த்தார்கள். சரியாக அசையாத தசைப் பகுதிகளைக் குறித்துக்கொண்டார்கள். ஸ்டென்டோ பைபாஸோ செய்த பிறகு எவை மீண்டும் அசைந்தன என்று எண்ணினார்கள். தழும்பே இல்லாத பகுதிகளில் 100-க்கு 78 தேறின. தடிமனில் முக்கால் பங்குக்கு மேல் தழும்பேறிய 58 பகுதிகளில் தேறியது ஒன்றே ஒன்று. இரண்டு நுனியும் இப்படித் தெளிவாக இருந்தாலும், நடுவில் இருப்பவை குழப்பம்தான். பாதித் தடிமன் தழும்பு என்று ரிப்போர்ட்டில் வந்தால், அது தேறலாம், தேறாமலும் போகலாம். பல ரிப்போர்ட்களில் 50 சதவீதத்துக்கு மேல் என்றால் செத்தது, கீழே என்றால் உயிருள்ளது என்று கத்தி வைத்த மாதிரி எழுதியிருக்கும். அந்தக் கோடு நம் வசதிக்காகப் போட்டது.

உயிரோடிருந்தும் அசையாத தசை என்று சொன்னேன் இல்லையா, அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அட்டாக்கின் அதிர்ச்சியில் மரத்துப்போன தசை. குழாய் திறந்துவிட்டது, ரத்தம் வருகிறது, ஆனாலும் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் வேலைக்குத் திரும்பாது. இதை 1982-இல் பிரான்வால்டும் குளோனரும் விவரித்தார்கள். இன்னொன்று, பல மாதம் குறைந்த ரத்தத்திலேயே காலம் தள்ளி, வேலையைச் சுருக்கிக்கொண்டு உறங்கும் தசை. மும்பையில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஷாபுதீன் ரஹிம்தூலா 1980-களில் இந்தக் கருத்தை நிலைநாட்டினார். உங்கள் அப்பாவுக்கு இரண்டுமே இருக்க வாய்ப்புண்டு. முன்சுவர் மரத்துக் கிடக்கலாம். வலக்குழாய் வெகுநாளாக அடைத்திருக்கிறது என்றால், அது ஊட்டிய கீழ்ச்சுவருக்கு எல்ஏடியிலிருந்து கிளைக்குழாய்கள் வழியாகக் கொஞ்சம் ரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கும். எல்ஏடியே அடைத்தபோது அந்த வழியும் நின்றுபோயிருக்கும். ஒரே அடியில் இரண்டு சுவரும் சோர்ந்ததால் 35 என்ற எண் வந்திருக்கலாம். அப்படியானால் ஸ்டென்டும் மாத்திரையும் சேர்ந்தே அதில் கொஞ்சத்தை மீட்டுக் கொடுத்துவிடும். இது என் ஊகம்தான். டாக்டரிடம் கேட்கத் தகுந்த ஊகம்.

உயிர் இருக்கா இல்லையா என்பதைத் தாண்டியும் இந்தப் படத்தில் சில விஷயங்கள் தெரியும். வெள்ளைத் தழும்புக்கு நடுவே கறுப்பாக ஒரு திட்டு தெரிந்தால், பெரிய குழாயை ஸ்டென்ட் திறந்துவிட்டாலும் தசைக்குள் இருக்கும் மயிரிழைக் குழாய்கள் திறக்கவில்லை என்று பொருள். அது அட்டாக் வந்த முதல் ஒன்றிரண்டு வாரங்களில்தான் நன்றாகத் தெரியும். இருந்தால், பின்னாளில் இதயம் வீங்கவும் செயலிழக்கவும் வாய்ப்பு கூடுதல். தழும்பின் மொத்த அளவும் முக்கியம். பத்து ஆய்வுகளின் 2,632 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்து 2016-இல் வெளியிட்ட கணக்கில், தழும்பு இடது அறையில் ஒவ்வொரு 5 சதவீதம் கூடும்போதும் அடுத்த ஓராண்டில் இறக்கும் அபாயம் சுமார் 19 சதவீதம் கூடியது. அப்புறம் ரத்தக்கட்டி. முன்சுவர் அட்டாக்கில் இதயத்தின் நுனி அசையாமல் கிடக்கும்போது அங்கே ரத்தம் உறைந்து கட்டியாகலாம். அது பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். எக்கோவில் நுனிப்பகுதி பலருக்குச் சரியாகத் தெரியாது. எம்ஆர்ஐயில் காடோலினியம் ஏறாத கறுப்பு உருண்டையாக அது தனியே தெரியும், இதைக் கண்டுபிடிப்பதில் அதற்கு நிகரான சோதனை இல்லை. கட்டி இருந்தால் ஸ்டென்டுக்கான மாத்திரைகளோடு ரத்தம் உறையாமலிருக்க வேறொரு மருந்தும் சில மாதங்களுக்குச் சேரும். இந்த ஒரு பதிலுக்காகவே ஸ்கேன் எடுத்தாலும் அது வீண் செலவு ஆகாது.

இதுவரை சொன்னதெல்லாம் உறுதியான தரை. இனி வருவது அப்படியல்ல. தசை உயிரோடு இருக்கிறது என்று படம் சொன்னால், உடனே அடைத்த குழாயைத் திறந்துவிட வேண்டுமா? இருபது வருடம் முன்பு இதற்குப் பெரும்பாலான டாக்டர்கள் "ஆமாம்" என்றிருப்பார்கள். கேட்கவும் நியாயமாகத்தான் இருக்கிறது: உயிர் இருக்கிறது, ரத்தம் இல்லை, ரத்தம் கொடு. ஆனால் பெரிய ஆய்வுகள் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்ளவில்லை. பம்பிங் 35-ம் அதற்குக் கீழும் உள்ள 1,212 பேரை வைத்து நடந்த ஸ்டிச் ஆய்வில், பத்தாண்டு முடிவில் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களைவிட பைபாஸும் செய்தவர்கள் கூடுதலாகப் பிழைத்திருந்தார்கள். இது பெரிய விஷயம். ஆனால் முன்கூட்டியே "உயிருள்ள தசை இருக்கிறது" என்று கண்டவர்களுக்குத்தான் பைபாஸால் அதிகப் பலன் என்று காட்ட முடியவில்லை. அதில் பயன்படுத்தியது எம்ஆர்ஐ அல்ல, வேறு சோதனைகள் என்று எங்களைப் போன்றவர்கள் கொஞ்ச நாள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தோம். பிறகு 2022-இல் பிரிட்டனில் 700 பேரிடம் நடந்த ரிவைவ்ட் ஆய்வு வந்தது. அதில் பெரும்பாலானவர்களுக்கு எம்ஆர்ஐயில்தான் பார்த்தார்கள். உயிருள்ள தசை உள்ளவர்களை மட்டுமே சேர்த்து, அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்றரை வருடம் போல் கழித்து, இறந்தவர்களும் இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களும் ஸ்டென்ட் பிரிவில் 100-க்கு 37, மாத்திரை மட்டும் சாப்பிட்ட பிரிவில் 38. வித்தியாசமே இல்லை.

உங்கள் அப்பாவின் நிலைக்கு இன்னும் நெருங்கிய ஆய்வும் ஒன்று உண்டு. அட்டாக் வந்து ஒரு குழாயில் ஸ்டென்ட் வைத்த, இன்னொரு குழாயில் பழைய முழு அடைப்பு இருந்த சுமார் 300 பேரை எக்ஸ்ப்ளோர் என்ற ஆய்வில் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு அந்தப் பழைய அடைப்பையும் ஒரு வாரத்துக்குள் திறக்க முயன்றார்கள். நான்கு மாதம் கழித்து எம்ஆர்ஐயில் அளந்தபோது இரண்டு பிரிவுக்கும் பம்பிங் ஏறக்குறைய ஒன்றுதான். பழைய அடைப்பு எல்ஏடியில் இருந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் நன்மை இருப்பது போல் தெரிந்தது. உங்கள் அப்பாவுக்கு அது வலக்குழாயில். இதைப் படித்துவிட்டு "திறக்கவே கூடாது" என்று டாக்டரிடம் போய் நிற்காதீர்கள். நடந்தால் நெஞ்சுவலி வருகிறது, மாத்திரைக்கும் அடங்கவில்லை என்றால் திறப்பதற்கு அதுவே நல்ல காரணம். சர்க்கரையோடு பல குழாய்களில் அடைப்பு இருந்தால் பைபாஸ் பேச்சு வருவதும் முறையானதுதான். ரிவைவ்ட் ஆய்வில் புதிதாக அட்டாக் வந்தவர்களைச் சேர்க்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

அப்படியானால் ஸ்கேனால் பயன் என்ன? என் பார்வையில், கீழ்ச்சுவர் முழுக்கத் தழும்பு என்று தெரிந்தால் அந்தக் குழாயைத் திறப்பதில் அர்த்தமில்லை. அபாயமுள்ள, செலவு பிடிக்கும் ஒரு வேலையிலிருந்து அப்பா தப்பிக்கலாம். "திறக்க வேண்டாம்" என்று சொல்வதில் இந்தப் படம் கெட்டிக்காரன். "திறந்தே ஆக வேண்டும்" என்று தனியாகச் சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆகவே டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியது இது: "சார், கீழ்ச்சுவர் உயிரோடு இருந்தால் என்ன செய்வீர்கள், செத்திருந்தால் என்ன செய்வீர்கள்?" இரண்டுக்கும் வெவ்வேறு பதில் வந்தால் ஸ்கேன் எடுங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால், ரத்தக்கட்டி சந்தேகமாவது இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் இப்போதைக்குத் தள்ளிப்போடலாமா என்று தயங்காமல் கேட்கலாம், நல்ல டாக்டர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எப்போது எடுப்பது என்பதும் எதற்காக எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அட்டாக் வந்த முதல் நாட்களில் தசை நீர்கோத்து வீங்கியிருக்கும். அப்போது எடுத்தால் வெள்ளைப் பகுதி உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும், வாரங்கள் போகப் போகச் சுருங்கும். உயிருள்ள தசையைப் பற்றித்தான் கேள்வி என்றால் அவசரமே இல்லை, ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகட்டும் என்று காத்திருப்பது நல்லது. ரத்தக்கட்டி சந்தேகம் என்றால் காத்திருக்கக் கூடாது, இந்த வாரமே எடுங்கள்.

35 என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. பம்பிங் 35-ம் அதற்குக் கீழும் என்றால் திடீர் மரணத்தைத் தடுக்க ஐசிடி என்ற கருவி பொருத்தும் பேச்சு வரும். ஆனால் அட்டாக் வந்து 40 நாளாவது, ஸ்டென்ட் வைத்திருந்தால் 90 நாள், நல்ல மாத்திரைகளோடு காத்திருந்து மறுபடி அளந்த பிறகே அந்த முடிவு. முன்கூட்டியே பொருத்திப் பார்த்த 2004-ஆம் ஆண்டு டைனமிட் ஆய்வில் மொத்த மரணம் குறையவில்லை. அதற்குள் பலருக்கு எண் ஏறியும்விடும். எக்கோவில் ஒருவர் 35 என்பதை இன்னொருவர் 40 என்று அளப்பது சகஜம். எல்லைக்கோட்டில் நிற்கும்போது இந்த ஐந்து பெரிய வித்தியாசம். மூன்று மாதம் கழித்தும் எக்கோ இழுபறியாக இருந்தால் எம்ஆர்ஐயில் அளப்பது நியாயம். அளவில் அதுதான் இன்றைக்கு உரைகல். ஒரே ஒரு முறைதான் எடுக்க வசதி என்றால், கட்டி சந்தேகம் இல்லாத பட்சத்தில் அந்த ஒரு முறையை மூன்றாவது மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டுப்பாருங்கள்.

உங்கள் கேள்விக்கு வெளியே போகிறேன், ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும். அட்டாக் என்று சேர்த்து ஆஞ்சியோ எடுத்தால் பெரிய அடைப்பே இல்லை என்று வருவது ஏறக்குறைய 20-ல் ஒருவருக்கு நடக்கிறது. அவர்களை "ஒன்றுமில்லை, கேஸ்தான்" என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கார்டியாக் எம்ஆர்ஐ முதல் வரிசையில் நிற்பது அந்த இடத்தில்தான். வெள்ளை உள்விளிம்பில் இருந்தால் உண்மையான அட்டாக். நடுவிலோ வெளிவிளிம்பிலோ இருந்தால் பெரும்பாலும் இதயத் தசை அழற்சி. இரண்டுக்கும் மருந்து வேறு.

எடுப்பது என்று முடிவானால், இடத்தை விசாரித்துப் போங்கள். சென்னையில் தெருவுக்கு ஒரு ஸ்கேன் சென்டர் போர்டு தொங்குகிறது. ஆனால் முதுகையும் முழங்காலையும் எடுக்கிற எல்லோரும் இதயம் எடுப்பதில்லை. "கார்டியாக் எம்ஆர்ஐ வாடிக்கையாக எடுக்கிறீர்களா, ரிப்போர்ட் யார் எழுதுவார்?" என்று போனிலேயே கேளுங்கள். கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், சொல்லும் தொகையில் காடோலினியம் மருந்து சேர்ந்ததா இல்லையா என்பதையும் கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் பேசிவிடுங்கள். ரிப்போர்ட்டோடு படங்கள் உள்ள சிடியையும் வாங்கி வையுங்கள். இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கப் போனால் அவருக்கு வேண்டியது படம், என் எழுத்து அல்ல.

ஸ்கேன் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். நெஞ்சில் ஈசிஜி ஒட்டி, காதில் ஹெட்போன் மாட்டி, குழாய்க்குள் அனுப்புவார்கள். "மூச்சை இழுங்க, விடுங்க, அப்படியே நிறுத்துங்க" என்று டெக்னீஷியன் குரல் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து விநாடி தம் பிடிக்க வேண்டும். படம் நன்றாக வருவதும் கெடுவதும் இதில்தான். இரண்டு நாள் முன்பிருந்தே வீட்டில் உட்கார்ந்தபடி, மூச்சை வெளியே விட்டு நிறுத்திப் பழகட்டும். முடிகிற அளவுக்குப் போதும், திணற வேண்டாம். இடுங்கிய இடம் என்றால் பயம் என்றாலோ, மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்கினாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரைஞாண் கயிற்றில் தாயத்தோ காசோ கோத்திருந்தால் கழற்றிவிட வேண்டும். அம்மா கூடவே உள்ளே போவதாக இருந்தால், தாலிக்கொடியில் மாட்டியிருக்கும் ஊக்குகளைப் பாருங்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஊக்கு பறந்துவிடும். மருந்து கொடுத்து இதயத்தை வேகமாக்கியோ ரத்தக்குழாயை விரித்தோ எடுக்கும் ஸ்ட்ரெஸ் ஸ்கேன் என்று சீட்டில் எழுதியிருந்தால், முந்தைய 24 மணி நேரம் காபி, டீ, சாக்லேட், கோலா கூடாது. காலை ஃபில்டர் காபியைக் குடித்துவிட்டு வந்து திரும்பிப் போகிறவர்கள் ஏராளம். வெறும் தழும்பு பார்க்கும் ஸ்கேன் என்றால் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

கடைசியாக மாத்திரை. சில மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொன்னால், மாத்திரையையும் சேர்த்து விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டென்ட் வைத்து மூன்று வாரமே ஆன நிலையில் ஆஸ்பிரினையும் அதோடு கொடுத்த இன்னொரு ரத்த மாத்திரையையும் ஒரு வேளைகூட விடக் கூடாது. ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் இன்னொரு அட்டாக். ஒரு மிடறு தண்ணீரில் அவற்றைப் போட்டுக்கொண்டே வரலாம். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் இரண்டையும் மட்டும், சாப்பிடாமல் இருக்கும் நேரத்தைச் சொல்லி, அன்று காலை எப்படி என்று டாக்டரிடம் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.